தண்டல் குடித்தாரா இல்லையா?

"கித்தாத் தோட்டத்தைக் கண்ணால பாக்காதவன்கூட இத உடனே புரிஞ்சுக்குவான்லா!" என்று புந்தோங் கோப்பிக் கடையில் மேசையைத் தட்டி முழங்கினார் யுகேந்திரன். பக்கத்து மேசைக் கோப்பியும் தளும்பியது.

வாசகப் பெருமக்களே, விதிசேர்ப்பான் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. எளிய சங்கதி ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், அதற்கொரு விதி, விதிக்கொரு விலக்கு, விலக்குக்கொரு குட்டி விலக்கு என்று தோரணமாகக் கட்டி, கடைசியில் வாசலே தெரியாமல் அடித்துவிடும். யுகேந்திரன் அந்த இனத்தின் திலகம். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்து ஆடுகிற சீட்டு விளையாட்டு ஒன்றை ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை வைத்து உருவாக்கியிருந்தார். ஈப்போவில் விளையாட்டுக் கடை நடத்தும் சாந்தினி அதைத் தம் அலமாரியில் வைக்கச் சம்மதிக்க வேண்டும். பிறவிப்பயன் அதுதான்.

சாந்தினி ஆடவும் உட்கார்ந்தார். பால் சீட்டு போட்டால் நம் வாளி நிறையும். மழைச் சீட்டு போட்டால் எதிராளியின் வாளி வீண். நிறைந்த வாளிக்கே வெற்றி. அவ்வளவுதான்! சாந்தினி மழையை இறக்கினார். யுகேந்திரனின் வாளி காலி. சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"அடேயப்பா, நல்லா இருக்கு தம்பி! கடையில வைக்கலாம்."

இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாமா? இனம் விடுமா?

"அக்கா, ஒரே ஒரு சின்ன விதி. வேலை வாங்குற தண்டல் சீட்டு கையில இருந்தா மழை செல்லாது."

"சரி, செல்லாது."

"ஆனா தண்டல் சம்சுச் சாராயம் குடிச்சிருந்தா செல்லும்."

"குடிச்சாரான்னு எனக்கு எப்படிலா தெரியும்?"

"அதுக்குத் தனிச் சீட்டுக்கா. அடுத்த பாக்கெட்ல வரும். சம்சாரம் சீட்டு பக்கத்துல இருந்தா குடிக்க மாட்டாரு. தீபாவளி சீட்டு விழுந்தா மட்டும் அந்தம்மாவே விட்டுடுவாங்க."

சாந்தினி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தம்பி, பாலும் மழையும் போதும். மிச்சத்தை எடுத்துடு, இன்னைக்கே வைக்கிறேன்."

தண்டலின் சம்சாரத்தைக் கைவிட யுகேந்திரனுக்கு மனம் வரவில்லை. "இன்னும் ஒரு ரவுண்டு ஆடினா புரிஞ்சிடும்க்கா" என்று எல்லாச் சீட்டையும் மேசை முழுக்கப் பரப்பினார்.

சிரிக்காதீர்கள். வீட்டுக்கு வழி கேட்டவரிடம் "நேரா வாங்க" என்று நிறுத்தாமல், மூடிப்போன கடையையும் வெட்டிப்போட்ட மரத்தையும் அடையாளம் சொன்னவர் தாங்கள்தானே?

அங்கே யுகேந்திரன் சீட்டுகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா... இப்ப யாரு சீட்டுப் போடணும்?"