தாய்மை அறையில் ஏழு ஆண்கள்

தாய்மையைப் போற்றாத அலுவலகம் உண்டா? ஆனால் தாய்மைக்கென்று தனி அறை ஒதுக்கி, அதைப் பேண ஏழு ஆண்களைக் கொண்ட 'உயர்மட்டக் கமிட்டி' அமைத்து, அந்தக் கமிட்டியை அந்த அறைக்குள்ளேயே உட்கார வைத்த அலுவலகம் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான். கடிதப் பிரிவுக்காரிக்கு அங்கே வேலை பார்க்கும் பாக்கியம் வாய்த்திருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஆறு வாரம். வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை. "பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் மறக்காம பால் எடுத்துடும்மா. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், விட்டா வத்திடும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அறை என்றால் அறை! மெத்தை நாற்காலிகள், ஏசி, உள்தாழ்ப்பாள், கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' பலகை. கட்டடத்திலேயே நிம்மதியாகக் கூட்டம் நடத்த இதைவிட்டால் வேறு இடமில்லை என்பதைக் கமிட்டி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது.

அவள் பம்ப்பும் பையுமாகப் போய்க் கதவைத் தட்டினாள். மேலாளர் தலையை மட்டும் நீட்டினார்.

"சார், பதினோரு மணிக்கு எனக்கு அறை வேணும்."

"உங்களுக்காகத்தாம்மா உள்ள மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம்!"

"மூணு மணிக்காவது?"

"மூணு மணிக்கு, பதினோரு மணிக்குப் பேசினதைப் பத்திப் பேசணுமே."

அவருக்குத்தான் எத்தனை அக்கறை! அவள் பழைய ஃபைல் அறைக்குப் போனாள். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, தூசியில் தும்மிக்கொண்டே நின்றபடி எடுத்தாள். யாராவது கதவைத் தள்ளினால் பால் பாதியில் நின்றுவிடும். முதல் நாள் ஒரு தடவைக்கு நூற்றிருபது மில்லி வந்தது. மூன்றாம் வாரம் எண்பது. அப்புறம் அறுபது.

மாலை ஷிப்ட் போகும் கணவன், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவன், போன் செய்தான். "நீ வச்சுட்டுப் போனதை ஒரே மூச்சுல குடிச்சுட்டா. இப்போ காலி பாட்டிலையும் என்னையும் மாத்தி மாத்தி முறைக்கிறா. என்ன பண்ணட்டும்?"

கமிட்டியோ நாற்காலி உறைக்கு எந்த நிறம் தாய்மைக்கு உகந்தது என்று நான்காவது நாளாக விவாதித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் 'தாய்மை நேய அலுவலகம்' விருதுக்காகத் தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மா வந்து இறங்கினார். மேலாளர் வாயெல்லாம் பல்லாக அறையின் பதிவேட்டை நீட்டினார்.

"ஆறு வாரமா ஒரு நாள்கூட அறை சும்மா இருந்ததில்லை மேடம். உள்ள கால் வைக்கிறவங்க யாரா இருந்தாலும் கையெழுத்துப் போட்டாகணும். நானே போடுவேன்!"

அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவேட்டில் பெயர், நேரம், அளவு என்று கட்டங்கள். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் மட்டும் யாரும் எழுதி அலுத்துப்போகக் கூடாதென்று, 'தாய்ப்பால் எடுக்க' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். ஏழு பேரும் வேளைக்கு ஒரு பக்கமாக, வரி தவறாமல் கையெழுத்திட்டிருந்தார்கள். 'அளவு' கட்டத்தில், நேர்மையாக, 'இல்லை'.

"ஆறு வாரம், தினம் ரெண்டு வேளை," என்றார் அதிகாரி அம்மா. "ஒரு சொட்டுகூட வரலையா சார்? டாக்டரைப் பாத்தீங்களா?"

மேலாளர் நாற்காலி உறையை ஆராய்ந்தார்.

"இந்த ஆபீஸ்ல கைக்குழந்தை இருக்கிற பொண்ணே இல்லையா?"

"இருக்கேன் மேடம்," என்றாள் கடிதப் பிரிவுக்காரி, வாசலிலிருந்து. "மணி பதினொண்ணு ஆச்சு."

ஏழு பேரும் வெளியேற்றப்பட்டார்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு முதல்முறையாக அவள் உட்கார்ந்து பால் எடுத்தாள். இருபது நிமிடம் கழித்துப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பதிவேட்டை இழுத்து, அறுபத்தோராவது பக்கத்தில், விதிப்படி, முறைப்படி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள்:

'அளவு: நாற்பது மில்லி. முதல் நாள் வந்தது நூற்றிருபது. குறைந்த எண்பதுக்கு, முந்தைய அறுபது பக்கங்களில் கையெழுத்திட்டவர்கள் பொறுப்பு.'