சுருட்டைவாலும் குளிர்ந்த இரும்பும்

வடகடல், கிரேன் கப்பல்.

மரியாதைக்குரிய இசபெல் அக்காவுக்கு, தம்பி வாட்டி பணிவுடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கோணல்மாணலான எழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய் மேடைக்குக் கால் ஊன்றுகிறோம். நம் தேவாலயக் கோபுரத்தைவிட உயரமான எஃகுக் குழாய், அதன் தலையில் வீடு பெரிசுக்குச் சம்மட்டி. அடிக்கு அடி என் பல் ஆடுகிறது. கடலுக்கு அடியில் கெட்டி மண், அதற்கும் கீழே வெறும் சேறு. கெட்டி மண் உடைந்ததும் குழாய் சொல்லாமல் கொள்ளாமல் சம்மட்டியோடு சரேலென்று இறங்கிவிடுமாம். எப்போது என்று எஞ்சினியருக்கே தெரியாது. சம்மட்டியோடு சேர்ந்த ஹோஸ் காலடியில் சுருண்டு கிடக்க, அதைக் கவனித்துக்கொண்டு நிற்பது யார்? உன் தம்பிதான்!

இந்த லட்சணத்தில் ஹெய்கே என்று ஒரு ஜெர்மன்காரி. சம்மட்டிச் சத்தம் தாங்காத சின்னத் திமிங்கிலங்கள் பக்கத்தில் வந்தால் அடிப்பதை நிறுத்தச் சொல்வது அவள் வேலை. அவள் பாஷையில் அதற்குப் பேர் என்ன தெரியுமா? சேற்றில் புரளுமே ஒரு சுருட்டைவால் பிராணி, அதன் பெயரைத் திமிங்கிலத்தோடு சேர்த்துச் சொல்கிறாள்! கடலில் அந்த அபசகுனப் பெயர் காதில் விழுந்ததும் குளிர்ந்த இரும்பைத் தொடாவிட்டால், ஸ்காட்லாந்து மீனவன் வீட்டில் பிறந்தவன் உருப்படுவானா? அவள் ரேடியோவில் கத்த, நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு இரும்பைத் தேடி ஓட, ஃபோர்மேன் டேவி கெஞ்சாத குறை.

"அம்மா தாயே, 'சுருட்டைவால்'னு சொல்லித் தொலையேன்!"

"சரி, இனிமே அப்படியே சொல்றேன்."

இன்று காலை பழைய பெயரையே தொண்டை கிழியக் கத்தினாள். நான் கைப்பிடிக் கம்பிக்குப் பாய்ந்தேன். சம்மட்டியை நிறுத்துவதற்குள் இன்னொரு அடி விழுந்தது. ஐயோ அக்கா, குழாய் இறங்கிவிட்டது! நான் நின்ற இடத்து இரும்புக் கம்பத்தை ஈர்க்குச்சியாக வளைத்துவிட்டு ஹோஸ் கடலுக்குள் போனது. எல்லாம் அவள் வாயால் வந்த வினை. அத்தான் தொழிற்சங்கத்தில்தானே இருக்கிறார், அவளை உடனே கப்பலைவிட்டு இறக்கச் சொல்.

கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். மிச்சம் இருந்தால் எனக்கும் கொஞ்சம்.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
வாட்டி

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் ஹெய்கே டீயோடு வந்தாள். "எங்கேடி இருந்துச்சு உன் திமிங்கிலம்?" என்று எரிந்து விழுந்தேன். "திமிங்கிலமே வரலை. உங்க கால் ஹோஸ் சுருளுக்குள்ள இருந்துச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா 'என்ன?'ன்னு நின்னு கேப்பீங்க. அந்த வார்த்தைக்குத்தான் கேள்வி கேக்காம ஓடுவீங்க" என்றாள். அக்கா, அத்தானிடம் ஒன்றும் சொல்லாதே. பன்றி. இதோ, கடலில் உட்கார்ந்து அந்தப் பெயரை என் கையாலேயே எழுதிவிட்டேன். இன்னொரு கை கட்டிலின் இரும்புக் கம்பியை விடவில்லை, அது வேறு விஷயம்.