எண்ணெய் பூசிய கோடாரி

கையிலிருந்த கல்கோடாரியைக் கீழே வைக்காமல் இரண்டு கையையும் கூப்ப முடியாது. அதனால் ரஞ்சித் வைத்தான். நாகலூர் காபித் தோட்டத்தில், பாறை மேல் குவிந்திருந்த கல்சாமிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, கண்ணை மூடி உருகினான்: 'தை மாசம் நடக்கற அகழாய்வு முகாமுக்கு ஒரே ஒரு இடம். மேடம் என் பேரத்தான் அனுப்பணும் சாமி!'

கண்ணைத் திறந்தபோது, தோட்டத்தில் வேலை செய்யும் அருக்காணி எல்லாக் கல்லுக்கும் எண்ணெய் ஊற்றி மஞ்சள் பூசி முடித்திருந்தாள்.

ரஞ்சித் தொல்லியல் இளங்கலை மூன்றாம் வருடம். களப்பயிற்சியில் வகுப்பே முட்டி போட்டுத் தேடியதில் அகப்பட்ட ஒரே பொருள் அந்தக் கற்காலக் கோடாரி. அதை ஜீப் வரைக்கும் கொண்டுபோவதுதான் அவனுக்கு இட்ட வேலை. இப்போது மிஞ்சியது விவரச் சீட்டு ஒட்டிய காலிப் பை.

"ஏனுங்கக்கா, இதுல என்னோட கல்லு எதுங்க?"

"சாமியப் போயி உன்னுதுங்கற? வாயக் கழுவு கண்ணு."

கைக்குட்டையால் ஒரு கல்லைத் துடைத்துப் பார்த்தான்.

"அடப்பாவி, ஷூவோட நின்னுட்டுச் சாமியத் தொடைக்கறான் பாரு!"

அருக்காணி போட்ட கூச்சலில் காபி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ரஞ்சித் ஷூவைக் கழற்றி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். போதும் என்று சொல்ல ஒருத்திக்கும் மனம் வரவில்லை. குனிந்து குனிந்து எழுந்தபோதுதான் கவனித்தான். அத்தனையும் கோடாரி!

போட்டோ எடுத்தான். பேராசிரியை புவனா மேடத்தைப் போனில் அழைத்தான்.

"மேடம்! கல்கோடாரிங்க, குவியலா! இன்னைக்கும் பூசை நடக்குது! நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

"எங்க?"

"நாகலூர் தோட்டத்துல, பலாமரத்தடிப் பாறை மேல!"

மேடத்தின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடாத. வர்றேன்."

சரித்திரமே புரளப்போகிறது! அம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னான். அம்மா சொந்த ஊரான வாழவந்தி முழுக்கச் சொன்னாள். மேடம் வருவதற்குள் இரண்டு பைக்கில் சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். அந்த மாலையை அருக்காணி பிடுங்கிச் சாமிக்குச் சாத்தினாள். அவன் கோடாரி இன்னும் ஆழத்துக்குப் போயிற்று.

மேடம் வந்தார். கற்களின் பக்கம் திரும்பவே இல்லை. அருக்காணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்ம கோடாரியும் இதுக்குள்ள..."

"முகாமுக்கு உன் பேரத்தான் அனுப்பறேன்."

"மேடம்?"

"இந்த எடத்தப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாது. போட்டோவ அழிச்சுடு."

விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்துவிட்டார். ரஞ்சித்துக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"ஏனுங்கக்கா, நெசத்தச் சொல்லுங்க. இது எந்தக் காலத்துக் கோயிலுங்க?"

அருக்காணி முந்தானையை எடுத்தாள்.

"வருசா வருசம் உன்னாட்டம் பசங்க கும்பிட வந்து விட்டுட்டுப் போன கல்லுதான் கண்ணு இத்தனையும், மொதக் கல்ல மட்டும், படிக்கற காலத்துல உங்க மேடந்தான் பாறையக் கும்பிட வெச்சுட்டு, நாங்க மஞ்சப் பூசிட்டதால எடுக்க முடியாம அழுதுட்டே போனாங்க."