பெட்டியில் ஒரு தவளை குறைகிறது

கண்ணாடிப் பெட்டியில் இலை இருந்தது, ஈரப் பாசி இருந்தது, பெயர்ப்பலகையும் இருந்தது. தவளையைத்தான் காணவில்லை.

திங்கட்கிழமை அல்பேட் மூடியைத் திறந்துவைத்துக் கண்ணாடி துடைத்தது பத்தே நிமிடம். டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் கூரைபோட்டுச் சூடேற்றி வளர்க்கிற ஒரு மழைக்காட்டில் அவருக்குத் துப்புரவு வேலை. தகுதிகாண் காலம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதன் பிறகு வேலை நிரந்தரம். இந்து சமுத்திரத்தில் இரண்டே தீவுகளில் வாழ்கிற தவளைக்கு ஓடிப்போக வேறு வாரம் கிடைக்கவில்லை.

மனைவி லூர்தம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துவிடுங்கோ. துலைஞ்ச என்ர தோடு அப்பிடித்தானே கிடைச்சது."

"தோடு பாயாதப்பா."

"அப்ப குளத்தில ஒண்டைப் பிடிச்சு விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் மனைவி சொன்னதை அவர் இவ்வளவு விரைவாகக் கேட்டதில்லை. அன்று மாலையே பூங்காக் குளத்தில் முழங்கால்வரை இறங்கி, மண்ணிறத்தில் ஒன்றைப் பிடித்துவந்து பெட்டிக்குள் விட்டார்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் ஹென்றிக் வந்தார். இரண்டு வருடமாகத் தினமும் வந்து அந்தத் தவளையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். அவருக்குத் தெரியாமல் அது கண்கூடச் சிமிட்டாது என்று சொல்லிக்கொள்வார்.

"வளர்ந்திருக்கிறது" என்றார் மகிழ்ச்சியாக.

அல்பேட் பயந்துபோய் அதை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றைப் பிடித்து விட்டார். புதன்கிழமை பேராசிரியர், "குளிருக்குச் சுருங்குகிறது" என்று குறித்துக்கொண்டார். சின்னது வியாழன் முழுதும் ஓயாமல் கத்தியது. இந்த இரண்டு வருடத்தில் அது ஒருநாளும் கத்தியதில்லையாம். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலைக்குத் தொலைக்காட்சிக்காரரை அழைத்துவிட்டார். தீவுத் தவளை டென்மார்க்கில் வந்து வாய்திறந்தால் நாட்டுக்குப் பெருமை அல்லவா.

குட்டு வெளிப்பட்டால், ஐம்பத்தெட்டு வயதில் அல்பேட்டுக்கு இனி யார் வேலை தருவார்கள்? வெள்ளி காலை, கமராக்கள் வருமுன், எட்டு வருடமாக அங்கே துப்புரவு செய்கிற மன்னார்க்காரி கிளோறியாவிடம் போய் நின்றார்.

"தங்கச்சி, நான் உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்ட போறன். தீவுத் தவளையைத் துலைச்சுப்போட்டு, குளத்துத் தவளையைப் பிடிச்சு விட்டிருக்கிறன்."

கிளோறியா நிலம் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பேசாமல் இருங்கோ அண்ணை. நீங்கள் துலைச்சதும் குளத்துத் தவளைதான். தீவுத் தவளையை நான் துலைச்சு மூண்டு வருசம்."