ஆக்டோபஸ் ஏறிய மேடை

சோஷி துறைமுகம்
1969 ஜூன் 9, திங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் மொகாமி அவர்களுக்கு,

மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது; தங்கள் முழங்கால் வலி அதற்கு முன்பே வந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலம், அக்கா நலம், மீன் நாற்றமும் நலம்.

தங்கள் பத்திரிகையில் தொடராக வந்த என் நாவலைப் படமாக எடுக்கிறார்களே, அந்தப் படத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் அறிவிக்க வேண்டும். நான் எழுதியது என்ன? மீன் டப்பா ஆலையில் பெண்கள் கழிப்பறைக்குப் போனால் மேலாளர் நுமாதா கடிகாரத்தோடு வாசலில் நிற்கிறார். மூன்று நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுகிறார். என் அக்கா நட்சுயே பதினாறு வருஷமாக அந்த மூன்று நிமிடத்துக்குள் வாழ்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஊதாக் கண்ணாடி போட்ட அந்த இயக்குநர் படித்தது பதினோரு பக்கம். "மீதி எனக்குக் கனவுலயே வந்துருச்சு, எழுத்தாளரே" என்றார். அந்தக் கனவில் கதாநாயகி கெட்டுப்போன மீனைத் தின்கிறாள், சுவர்கள் ஆரஞ்சு நிறத்தில் உருகி ஓடுகின்றன, அயிலை மீன்கள் கிதார் வாசிக்கின்றன, மேலாளர் எட்டுக் கை ஆக்டோபஸாகி ஒவ்வொரு கையிலும் ஒரு கடிகாரத்தோடு வருகிறார். நேற்று ஞாயிறு, ஆலையிலேயே படப்பிடிப்பு. ஆட வந்தவர்கள் அக்காவும் ஆலைப் பெண்கள் நாற்பது பேரும். வேடிக்கை பார்க்க நுமாதாவும் கோட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் அவர் ஏறி நின்று விசிலடித்து உடற்பயிற்சி செய்யவைக்கும் மேடையில் ஆக்டோபஸ் ஏறியது. "விசில் அடிச்சதும் உடம்புல எலும்பே இல்லாத மாதிரி ஆடணும்மா!" என்று இயக்குநர் கத்தினார். விசில் அடித்தார்கள். அவ்வளவுதான், நாற்பது பேரும் நாலு வரிசையாக நின்று, கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, காலை உடற்பயிற்சியை முடித்து, ஆலைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்! "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவர் குதிக்கிறார். ஆலைப் பாட்டைப் பாதியில் யார் நிறுத்துவார்கள்? பாட்டைக் கேட்டதும் நுமாதாவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பாட்டு முடிந்தால் மேடையைப் பார்த்துக் குனிய வேண்டும். குனிந்தார். ஆக்டோபஸுக்குள் இருந்த நடிகர் மரியாதை தெரிந்தவர், பதிலுக்குக் குனிந்தார். பதிலுக்குக் குனிந்தவருக்கு அவரைவிடத் தாழக் குனிய வேண்டாமா? நுமாதா இன்னும் குனிந்தார். ஆக்டோபஸ் அதைவிடக் குனிந்தது. ஐந்தாவது தடவை அது எட்டுக் கைகளோடும் மேடையிலிருந்து உருண்டு நுமாதாவின் மேல் விழுந்தது.

நுமாதா அதன் அடியில் கிடந்தார். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"ஐயா, மூணு நிமிஷம் ஆச்சு. எந்திரிங்க!"

நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். இயக்குநர் இதில் ஒரு அடி ஃபிலிம்கூட வெட்டமாட்டாராம். ஐயா, என் நாவலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பெண்கூடச் சிரிப்பதில்லை. அதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்! உழைக்கிறவர்களின் துன்பத்தைக் கூத்தாக்கும் இந்தப் படத்தில் என் பெயர் வந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அறிவிப்பை மறந்துவிடாதீர்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலும் பத்திரிகையும் நெடுநாள் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
தெத்சுரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்கா வேலை முடிந்து வந்து இதைப் படித்துவிட்டாள். "டேய், உன் புத்தகம் வந்தப்போ அந்தாளு என்ன பண்ணான்? ரெண்டு வாங்கி உன்கிட்ட கையெழுத்துக் கேட்டான். மறுநாளும் கடிகாரத்தோடதானே நின்னான்? இன்னைக்கும் வந்து நின்னான். வரிசையில ஒருத்தி கையை ஆக்டோபஸ் மாதிரி நெளிச்சா. அப்புறம் எல்லாரும் நெளிச்சோம். கடிகாரத்தைச் சட்டைப்பையில போட்டுட்டுப் போயிட்டான்டா!"

ஆகவே அறிவிப்பு வேண்டாம். என் பெயரை ஆக்டோபஸுக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போடும்படி இயக்குநருக்கு எழுதப் போகிறேன். அக்கா இன்றைக்கு ஏழு நிமிடம் உள்ளே இருந்தாளாம். வேலை ஒன்றும் இல்லையாம், சும்மாதானாம்.