வெள்ளித்தோலில் வராத கோடுகள்

“தின்னர் போட்டுத் தொடச்சேன்க்கா. தோல்ல எந்தக் கறையும் நிக்காது. இது இன்னாவோ பால் மாதிரி ஆயிடுச்சு.”

தம்பி கார்முகிலன் நீட்டிய கறுப்பு போலராய்டு தாளை மேகலா பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆம்பூரில் செருப்புத் தோலுக்குப் பூச்சு அடிக்கும் பிரிவில் அவன் சூப்பர்வைசர். கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிடுவான்.

“எக்ஸாமினர் பள்ளிகொண்டா தாண்டிட்டாங்கடா! என் டாக்டர் பட்டமே அந்தத் தாள்லதான் இருக்கு!”

லேசர் ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகளில் விட்டால் எதிரே வரிவரியாகக் கோடுகள் விழும். ஒரு பிளவின் ஒளியை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் அதிரவிட்டால் கோடுகள் மாயமாகும். ஆனால் அழிவதில்லை. இந்தத் தாளைச் சாய்த்துப் பிடித்து அதன் வழியே பார்த்தால் அத்தனையும் திரும்பிவரும். குவாண்டம் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதற்கு வகுத்த கணக்கு, கடையில் வாங்கிய சாதாரண லேசருக்கும் அப்படியே பொருந்துகிறது. அதை முதன்முதலாகப் பார்த்த அன்று மேகலா சாப்பிட மறந்து நின்றாள்.

வெறும் சுவரில் பட்டால் அதிர்வின் திசை குலைந்துவிடும். அதனால் வெள்ளிப் பூச்சு அடித்த தோலைத் திரையாக மாட்டியிருந்தாள். தம்பி செய்த ஒரே உருப்படியான உதவி அது.

“கால்குலேட்டர்ல இதே தாள் இருக்குமாமே?”

மேசையில் கிடந்த கால்குலேட்டரை எடுத்து உரித்தான். தாள் கண்ணாடியோடு நொறுங்கியது.

“லேப்டாப்ல பெருசா இருக்குமேக்கா?”

“தொடாத! அதுலதான் என் ஸ்லைடெல்லாம்...”

அதற்குள் தாள் கிழிந்து, கசங்கி, பசையோடு அவன் விரல்களில் ஒட்டிக்கொண்டது. லேப்டாப் திரை வெள்ளை வேட்டியாய் வெளுத்திருந்தது.

ஆய்வகக் கதவு திறந்தது. எக்ஸாமினர் பங்கஜம் உள்ளே வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் தபரேஸ் பின்னால் வந்தார். நெடுஞ்சாலை வெயில் கூசாமலிருக்கப் போட்ட கறுப்பு போலராய்டு கண்ணாடியை டிரைவர் இன்னும் கழற்றவில்லை. கழுத்துச் சுளுக்கில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மேகலா லேசரைப் போட்டதும் பங்கஜம் திரையைப் பார்த்தார்.

“கோடு போயிடுச்சு, சரி. விளக்க அணைச்சாலும்தான் போகும். திரும்ப வரும்னு எழுதியிருக்கீங்களே, அதக் காட்டுங்க.”

“கோடு அங்கேயேதான் இருக்கு மேடம். ஒளி எதையும் தொலைக்கல. நம்ம கண்ணுக்குத்தான் பிடிபடல...”

“நம்பிக்கிட்டுப் போறதுக்கு இது கோயில் இல்லம்மா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

பங்கஜம் பேனாவை மூடினார். தபரேஸின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தனக்காகத் துவா செய்கிறார் போலும் என்று மேகலாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வெள்ளித்தோலில் வெறும் சிவப்புத் திட்டு. லேசரை அணைக்கக் கை நீட்டினாள்.

“அணைக்காதம்மா! வந்ததுலேர்ந்து அந்தச் செவப்புக் கோடுங்களையெல்லாம் எண்ணிக்கினு இருக்கேன், பாதிதான் ஆச்சு,” என்றார் தபரேஸ்.