ஊசி மண்டோரின் பெரட்டு

கோலசிலாங்கூரில் ஊசி மண்டோரின் உத்தரவு இல்லாமல் எந்த முழங்காலும் குணமானதில்லை. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள், பழைய கடைவரிசையில் இருக்கும் சீன மருத்துவ கிளினிக்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு முன்னால் போய்ப் பார்க்கலாம்.

அவர் மருத்துவர் இல்லை. கிளினிக்கில் வேலை பார்ப்பவரும் இல்லை. சபாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் இடுப்பு வலிக்குத் துணையாக வந்தவர், அந்த அம்மாள் குணமாகி வீட்டோடு நின்றுவிட்ட பிறகும் வந்துகொண்டே இருந்தார். "வீட்டுல இருந்தா காலையில என்னையவே பெரட்டுக்கு நிக்கச் சொல்றாரு. அங்கயே கெடக்கட்டும்" என்று அந்த அம்மாளே என்னிடம் சொன்னார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. மண்டோர் அதைக் கிளினிக் வாசலில் நடத்தினார். கையில் நீளமாக ஒரு நோட்டு. அதற்குச் செக்ரோல் என்று பெயர். அதில் ஆள் பேர் கிடையாது, வலிக்கிற இடம்தான் இருக்கும்.

"முழங்கால் ரெண்டும்!"

"இருக்கேன்!"

"பிடரி!"

"இருக்கேன் மண்டோர்!"

"இடுப்பு! நேத்து வாழைத்தாரு தூக்குனியாமே? யாரக் கேட்டுத் தூக்குன? போ, கடைசியில நில்லு!"

குணமானவர்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "போ, இனிமே இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று விரட்டுவார். விரட்டப்பட்டவர்கள் பரிசு வாங்கினவர்களைப் போல வீட்டுக்குப் போவார்கள்.

என் இடது தோள் இறுகிப்போய், கொண்டை போடக்கூடக் கை மேலே போகாமல் நான் அழுதுகொண்டிருந்த காலம் அது. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, பயிற்சிகளும் கற்றுக்கொடுத்தார்கள். அதைச் செய்யச் சோம்பல்பட்டு ஊசி குத்திக்கொள்ள வந்தேன். மண்டோர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்கூல் ஆபீஸ்ல கிராணி."

மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். தோட்டத்தில் மண்டோர் எழுதும் செக்ரோலைச் சரிபார்ப்பது ஆபீஸ் குமாஸ்தாவான கிராணிதான். கிராணி அதைக் கையில் எடுத்துவிட்டால் மண்டோர் வாய் திறக்கக் கூடாது. "அடடே, கிராணியம்மாவா? நீங்க நிக்க வேணாம், உக்காருங்க" என்று தன் நாற்காலியையே தந்தார். தந்துவிட்டு, "இடது தோள்" என்று கடைசி வரியில் எழுதிக்கொண்டார். மரியாதை வேறு, வரிசை வேறு.

உள்ளே இருந்த சின்சே, அதாவது சீன வைத்தியர், முப்பது வயதைத் தொடாத பெண். வெள்ளைக் கோட்டு, மேசையில் கம்ப்யூட்டர், பக்கத்திலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தாள். அதற்குப் பிறகு, நான் விழுங்கும் மாத்திரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். "சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் நான் ஊசி போட மாட்டேன்" என்று மலாயில் கண்டிப்பாகச் சொன்னாள். ஒட்டிய உறையைக் கிழித்து முடி மாதிரி மெல்லிய ஊசியை எடுத்தவள், நேராக என் காலுக்குப் போனாள்.

"வலி தோள்ல! தோள்ல!" என்று கத்தினேன்.

திரைக்கு வெளியிலிருந்து மண்டோரின் குரல் வந்தது. "கிராணியம்மா, கத்தாதீங்க. லைட்டு மேல எரியுது, சுவிச்சு கீழதான இருக்கு? எறும்பு கடிக்கிற மாதிரிதான் லா!"

கெண்டைக்கால் பக்கம் ஊசி நிற்க, கையை மெல்லத் தூக்கச் சொன்னாள் சின்சே. அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் மண்டோர் என்பதால், அந்தப் பூப்போன்ற முகத்திலிருந்து, "தூக்கு! இன்னும் தூக்கு! என்னா பாக்குற?" என்று தோட்டத்து அதட்டல் வந்தது. சிரித்ததில் கை அரைச்சாண் கூடுதலாகவே உயர்ந்தது. ஒரே நாளில் குணமாகிவிட்டது என்று புளுகமாட்டேன். ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் செய்யவைத்து, மாதக்கணக்கில் இழுத்து இழுத்துத்தான் என் கையை மீட்டாள்.

இடையில் அவள் நம்பர் சீட்டு இயந்திரம் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தாள். மண்டோர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம் அது. இரண்டு முழங்கால்களுக்கு இடையே அடிதடி வராத குறை. ஒருவர்கூட இன்னொருவரோடு பேசவில்லை. மறுவாரம் இயந்திரம் அலமாரிக்குள் போய்விட்டது. வலியோடு இருப்பவர்களுக்கு அந்த வலியைப் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. வீட்டில் எத்தனை முறை "தோள் வலிக்குது" என்று சொன்னாலும், பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. இங்கே ஒருவர் வரிசையில் நிறுத்திக் கேட்டார்.

ஆனால் எறும்புக் கடி என்று ஊருக்கெல்லாம் சொன்ன மண்டோர் ஒரு ஊசிகூடக் குத்திக்கொண்டதில்லை. ஊசி உறை கிழியும் சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை பெரட்டை நடுவில் நிறுத்தி, நோட்டில் தனக்கென்று ஒரு வரி எழுதினார். "இடது தோள், இன்னொண்ணு" என்று தனக்குத்தானே வாசித்தார். முகமெல்லாம் வியர்வை. இடது கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்க நோவு எனக்கு ஒட்டிக்கிச்சு கிராணியம்மா. காலையிலேர்ந்து தோளு இறுக்கிப் பிடிக்குது. இன்னைக்கு நானும் ஒரு ஊசி போட்டுக்கிறேன்" என்றார்.

சின்சே ஓடி வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். மாதக்கணக்கில் என் கை போகாத உயரத்துக்கு அவர் கை சுலபமாகப் போனது. அவள் முகம் மாறிவிட்டது. பிரித்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

"தோள் இல்ல மண்டோர். நெஞ்சு. ஊசி இல்ல. ஆஸ்பத்திரி."

"இத்தன வருசமா ஒன் வாசல்ல நிக்கிறேன், எனக்கு ஒரு ஊசி இல்லையா?" மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் எங்கயும் வரல. பெரட்டு முடியல. முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிறேன்."

நாற்காலியில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து படுக்கையை இறக்கியது, திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மனிதர் வரிசையை விட்டு வரமாட்டார், நின்றபடியே செத்துப்போவார் என்று பயந்தேன். வேறு வழி தெரியாமல் அவர் கையிலிருந்த செக்ரோலைப் பிடுங்கினேன்.

"மண்டோர், புக்கு என் கையில இருக்கு. இனிமே பேசக் கூடாது."

வாயை மூடிக்கொண்டார்.

"பிடரி!" என்று கத்தினேன். "இருக்கேன்!" "முழங்கால் ரெண்டும்!" "இருக்கேன்!" அத்தனை பேரும், அழுதவர்கள் உட்பட, அவசர அவசரமாகக் குரல் கொடுத்தார்கள். "இடுப்பு!" "இருக்கேன்மா!" கடைசி வரிக்கு வந்தேன். அதில் அவர் எழுதியிருந்த தோளைப் படிக்கவில்லை.

"மண்டோர், நெஞ்சு!"

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். போய்ப் படுத்துக்கொண்டார்.

இருதயக் குழாயில் அடைப்பு. அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம். நாங்கள் பார்க்கப் போனபோது அவர் வார்டைச் சீர்திருத்திவிட்டிருந்தார். "நெஞ்செல்லாம் இந்தப் பக்கம், மூச்செல்லாம் அந்தப் பக்கம். நர்சுகிட்ட சொல்லிட்டேன்." சின்சேயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவள் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை.

இப்போது மறுபடியும் வாசலில் நிற்கிறார். நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். அது சின்சேயின் உத்தரவு.

என் தோள் குணமாகி நாளாகிவிட்டது. இரண்டு கையாலும் கொண்டை போடுகிறேன், அலமாரியின் மேல்தட்டில் சாமான் எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் கொண்டை போடாமல், கையை லேசாக மடக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறேன். தெரிந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

"இடது தோள்!"

"இருக்கேன் மண்டோர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார். "நீங்களும் இருக்கீங்கல்ல?" என்று நான் கேட்பதில்லை. அதைப் பார்க்கத்தான் போகிறேன்.